பிள்ளைக்குச் சொல்லிவிட்டு ஊசி போடுங்கள்

ஊசி என்றால் என்னவென்று அறிவதற்கு முன்பே யாழ்ப்பாணத்துப் பிள்ளையை அதைச் சொல்லி வெருட்டிவிடுகிறோம். சோறு தீத்தும்போது வாயை இறுக்கிக்கொண்டாலும், படலையைத் திறந்து ஒழுங்கைக்கு ஓடினாலும், மத்தியான நித்திரைக்குப் பிணங்கினாலும் பெரியவர்களின் வாயில் வருவது ஒன்றுதான்: “குழப்படி செய்தா டொக்டரிட்டக் கொண்டுபோய் ஊசி போடுவிப்பன்.” பிறகு ஒருநாள் உண்மையாகவே காய்ச்சல் காய்கிறது. அதே டொக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். வாசலில் வைத்து, “அவர் ஒண்டும் செய்யமாட்டார் குஞ்சு, சும்மா பார்ப்பார்” என்கிறோம். உள்ளே நான்கு கைகள் அமத்திப் பிடிக்க ஊசி ஏறுகிறது. தான் செய்த ஏதோ குழப்படிக்குத்தான் இது கிடைத்தது என்று பிள்ளை நினைக்கிறது. அம்மா சொன்னது பொய் என்பதையும் தெரிந்துகொள்கிறது. அடுத்த முறை ஆஸ்பத்திரி மதிலைக் கண்டதுமே அது அலறத் தொடங்கினால், அதைப் பிடிவாதம் என்று சொல்ல நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

நோவுக்கு அஞ்சுவது பிள்ளைக்கு இயல்பு. அதை யாரும் எடுத்துவிட முடியாது. ஆனால் வைத்தியரைக் கண்டு நடுங்குவதில் பெரும்பங்கு நாம் சேர்த்துக் கொடுத்தது. அது சேர்ந்த விதத்துக்கு நீண்ட சரித்திரம் உண்டு. குடாநாட்டில் பிள்ளைகளுக்கு மருந்து வந்த வழியை இருநூறு ஆண்டுகளுக்கு அப்பாலிருந்து பார்த்து வந்தால், எந்தக் காலத்தில் பிள்ளையின் மனமும் சேர்த்துக் கவனிக்கப்பட்டது, எந்தக் காலத்தில் அது மறந்துபோனது என்பது புலப்படும். அப்படிப் பார்ப்பது இன்றைக்குப் பயன்படும் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

ஆங்கில வைத்தியம் வருமுன் இங்கே பிள்ளைநோய்க்குத் தனிச் சாத்திரமே இருந்தது. யாழ்ப்பாண அரசர் காலத்து மருத்துவத் தொகுப்பாகப் போற்றப்படும் பரராசசேகரத்தில் ‘பாலரோக நிதானம்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. ஏட்டுச் சுவடிகளாகக் குடும்பங்களுக்குள் கிடந்த அந்த நூலின் பகுதிகளைத் தேடிச் சேர்த்து அச்சேற்றியவர் ஏழாலை ஐ. பொன்னையா. மாந்தம், கணம், தோஷம், கரப்பன் என்று பிள்ளைக்கு வரும் வருத்தங்களை வகைவகையாகப் பிரித்த மரபு அது. பெரியவரின் நோயைச் சிறிதாக்கினால் பிள்ளையின் நோய் ஆகிவிடாது என்பதை நம் பரியாரிமார் அறிந்திருந்தார்கள். மேற்கில் குழந்தை மருத்துவம் தனித்துறையாகக் காலூன்றியதே பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் என்பதை நினைத்தால் இதன் அருமை தெரியும்.

பரியாரியார் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே இருந்தார். வெள்ளை உடுப்போ மருந்து மணமோ இல்லை. அவர் வீட்டுத் திண்ணையில் தாயின் மடியில் இருந்தபடியே பிள்ளை நாடி பார்க்கக் கை நீட்டியது. மருந்தை உரைகல்லில் உரைப்பதைப் பிள்ளை கண்ணால் கண்டது. வசம்பு சுட்ட வாசம் அதற்குப் பிறந்த நாளிலிருந்தே பழக்கம். கசப்பான குடிநீரைக் குடித்ததும் கையில் ஒரு துண்டுப் பனங்கட்டி கிடைத்தது. எங்கள் ஆச்சி மல்லிக் குடிநீர் காய்ச்சினால் முதலில் தான் ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டுத்தான் எங்களுக்கு வார்ப்பா. கசக்காது என்று அவ ஒருபோதும் சொன்னதில்லை. “கொஞ்சம் கைக்கும், கண்ணை மூடிக் குடி, பிறகு பனங்கட்டி கடி” என்பா. குழந்தை மருத்துவர்கள் இன்று பெற்றோருக்குச் சொல்லிக்கொடுப்பதில் பாதி அந்த ஒரு வசனத்துக்குள் இருந்தது.

பயத்தையே ஒரு வருத்தமாக எடுத்துக்கொண்டதுதான் அந்தக் காலத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. இடி கேட்டோ நாய் துரத்தியோ பிள்ளை பயந்துபோய் இரவில் திடுக்கிட்டு எழுந்து அழுதால், திருநீறு போட்டுப் பார்வை பார்க்கக் கொண்டுபோவார்கள். வேப்பங்குழையால் உச்சியிலிருந்து பாதம்வரை மெல்லத் தடவி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்து, நெற்றியில் நீறிட்டு, உச்சியில் ஊதி அனுப்புவார் பெரியவர். மந்திரத்தின் வலிமையைப் பற்றி வாதாட நான் வரவில்லை. ஒரு முதியவர் தன் நேரத்தை ஒதுக்கி, பிள்ளையின் முகத்தைப் பார்த்து, மெல்லிய குரலில், நோவில்லாமல் தொட்டு, “உன் பயம் உண்மை, அதற்கு ஏதாவது செய்யவேண்டும்” என்று ஊரறிய ஒப்புக்கொள்கிறார். பிள்ளை ஆறுவதற்கு அதுவே பெரிய காரணமாக இருந்திருக்கும்.

அம்மாள் வருத்தம் வந்த பிள்ளைக்குக் கிடைத்த மரியாதையும் அப்படித்தான். வாசலில் வேப்பிலை செருகி, வீட்டில் தாளிப்பும் பொரியலும் நிறுத்தி, பிள்ளையைத் தனியே வெள்ளைத் துணியில் கிடத்தி, அது கேட்டதை இல்லையென்னாமல் கொடுத்தார்கள். வீட்டுக்கு அம்மாள் வந்திருக்கிறா என்று குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். உடம்பெல்லாம் கொப்புளம் போட்டுக் கிடந்த பிள்ளைக்குத் தன்மேல் யாரும் கோபமாக இல்லை என்பது தெரிந்தது.

அதே சமயம் அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிப் பேசவும் எனக்கு மனம் வராது. பெரியம்மை கொண்டுபோன பிள்ளைகளை வேப்பிலை காப்பாற்றவில்லை. ஆமணக்கெண்ணெய் கொடுக்கும் நாளில் பிள்ளையைக் காலிடுக்கில் மல்லாத்தி, மூக்கைப் பொத்தி, சங்கால் வார்த்த வீடுகள் எத்தனை! மூக்கைப் பொத்தி வார்க்கும் மருந்து மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து. தேனில் குழைத்து நாக்கில் தடவுவதும் ஒரு வயது ஆகாத குழந்தைக்குக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி வித்து சிசுவின் குடலில் முளைத்து நஞ்சாகி, தசைகளைச் செயலிழக்கச் செய்யலாம் என்பது இப்போது தெளிவாகத் தெரிந்த விஷயம். ஆச்சியிடமிருந்து எதை எடுப்பது, எதை விடுவது என்பதை நாம்தான் தீர்மானிக்கவேண்டும்.

1802ஆம் ஆண்டு நடந்த ஒன்றை யாழ்ப்பாணத்துப் பயத்தின் கதையில் யாரும் சேர்ப்பதில்லை. ஜென்னர் கண்டுபிடித்த அம்மைப்பால் அந்த ஆண்டு ஜூன் மாதம் பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுச் சிறுமியின் கையில் பற்றியது. இந்தியாவில் அது பலித்த முதல் பிள்ளை அவள். அதே ஆண்டில் அம்மைப்பால் இலங்கைக்கும் வந்தது. குளிர்பெட்டி இல்லாத காலம். மருந்தை உயிரோடு கொண்டுசெல்ல அன்று இருந்த நம்பகமான வழி பிள்ளைகளின் கைகள்தான். ஒரு பிள்ளையின் கையில் கீறி வைத்த அம்மை எட்டாம் நாளளவில் கொப்புளமாக முற்றும். அந்தக் கொப்புளத்தைக் குத்தி எடுத்த நீரை அடுத்த பிள்ளையின் கையில் வைப்பார்கள். கையிலிருந்து கைக்கு, ஊரிலிருந்து ஊருக்கு அப்படித்தான் அது நகர்ந்தது.

உலகத்தைப் பெரியம்மையிலிருந்து விடுவித்த பெரும்பணியின் முதல் சுமையைப் பிள்ளைகள் சுமந்திருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, எதற்கென்று சொல்லவும் இல்லை. முதல் நாள் கீறியவர் எட்டாம் நாள் திரும்பி வந்து புண்ணைக் கிளறுவார். கீறல் தாங்கியவர்களுக்கு உயிர் மிஞ்சியது என்பது உண்மை. அம்மைப்பால்காரரைக் கண்டால் தாய்மார் பிள்ளைகளை ஒளித்துவைத்தார்கள் என்பதும் உண்மை. அதை அறியாமை என்று எழுதிய அதிகாரிகள் தாயின் பக்கம் நின்று ஒருமுறை பார்த்திருக்கலாம். அம்மாள் வந்த பிள்ளையைத் தொடவே தயங்கிய வீட்டுக்குள், அம்மையைக் கத்தியால் கீறி வைக்க ஒருவர் வருகிறார். விளக்கம் சொல்ல அவருக்கு நேரமில்லை. பல இடங்களில் மொழியும் இல்லை.

மொழியை முதலில் பிடித்துக்கொண்டவர்கள் அமெரிக்க மிசனரிமார். ஜோன் ஸ்கடர் 1820 முதல் பண்டத்தரிப்பில் இருந்து வைத்தியம் செய்தார். 1836இல் சென்னைக்குப் போனார். அவர் அமெரிக்கச் சிறுவர்களுக்கென்று கீழைநாட்டு மக்களைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். நம் பிள்ளைகளுக்கு அவர்களுடைய உடம்பைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லையே என்ற குறை எனக்கு உண்டு. அந்தக் குறையைத் தீர்க்கும் வழியில் நெடுந்தூரம் நடந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் ஆஸ்பத்திரியை அமைத்து, உள்ளூர் இளைஞர்களுக்கு வைத்தியம் படிப்பித்தார். பிறகு அந்தப் படிப்பை முழுக்கத் தமிழுக்கு மாற்றினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் போய்விடுகிறார்கள், தமிழில் படித்தவர்கள் ஊரிலேயே இருந்து ஊராருக்கு வைத்தியம் செய்வார்கள் என்பது அவர் கணக்கு. பிரசவ வைத்தியம் 1857இலும், இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும் தமிழில் அச்சாகின. அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்கள் அவர் கையில் உருவானார்கள். 1873இல் நாடு திரும்பிய பிறகும் தமிழ் நூல் வேலையை அவர் விடவில்லை. 1884இல் இறக்கும்வரை அது தொடர்ந்தது.

கிறீனுக்குச் சமயம் பரப்பும் நோக்கமும் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் வைத்தியன் நோயாளியின் மொழியில் உடம்பை அறிந்திருக்கவேண்டும் என்ற அவருடைய பிடிவாதத்துக்கு நாம் இன்னும் முழுக்க ஈடு செய்யவில்லை. அவருடைய மாணவர் ஒருவர் ஊர் வீட்டுக்குள் போய், “பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, அதனால்தான் மூச்சு இழுக்கிறது” என்று தாய்க்குத் தமிழில் சொல்ல முடிந்திருக்கும். தாய்க்கு விளங்கினால் அவள் கை நடுங்காது. அந்தக் கைக்குள் இருக்கும் பிள்ளையும் கொஞ்சம் அமைதியாகும்.

அடுத்து வந்தது பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான ஆஸ்பத்திரி. மேரி, மார்கரெட் லீச் சகோதரிகள் மேலைநாடுகளில் ஊர் ஊராகப் போய்ப் பணம் சேர்த்ததன் பயனாக 1898இல் இணுவிலில் மக்லியொட் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. டொக்டர் இசபெல்லா கர் போன்ற பெண் வைத்தியர்கள் அங்கே பணி செய்தார்கள். ஆண் வைத்தியர் முன்னால் வரத் தயங்கிய தாய்மாருக்கு அது பெரிய விடுதலை. தாய் கூசாமல் உள்ளே வரக்கூடிய இடத்துக்குப் பிள்ளையும் வந்தது. பட்டணத்தில் அரசாங்க அதிபர் டைக் காலத்தில் தர்ம ஆஸ்பத்திரியாகத் தொடங்கியது வளர்ந்து பெரியாஸ்பத்திரியாகி, 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் ஆரம்பித்தபின் போதனா வைத்தியசாலை ஆனது. அதே 1978இல்தான் நாடு முழுவதும் தடுப்பூசி விரிவாக்கத் திட்டமும் தொடங்கியது. குக்கலும் தொண்டைக்கரப்பனும் ஏற்புவலியும் இளம்பிள்ளைவாதமும் படிப்படியாகப் பிள்ளைகளை விட்டு விலகின. இந்த நாட்டில் 1993க்குப் பிறகு போலியோ யாருக்கும் வரவில்லை. வீடு வீடாகச் சைக்கிளில் போன குடும்பநல மாதர்களின் கால்களுக்கு அந்தப் புகழில் பெரும்பங்கு உண்டு.

இந்த நல்ல கதை நேராகப் போயிருக்கவேண்டும். இடையில் யுத்தம் வந்தது.

1987 ஒக்ரோபர் 21, தீபாவளி நாள். இந்திய இராணுவம் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டதில் நோயாளர்களும் ஊழியர்களுமாக அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மறுநாள் காலை, இன்னும் உள்ளே அகப்பட்டுக் கிடந்தவர்களைக் காப்பாற்றலாம் என்று தாதிமாரோடு கைகளை உயர்த்தியபடி வெளியே வந்தார் டொக்டர் சிவபாதசுந்தரம். சரணடைகிறோம், நாங்கள் வைத்தியர்களும் தாதிகளும் என்று சொல்லிக்கொண்டு வந்த அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் குழந்தை வைத்திய நிபுணர். யாழ்ப்பாணத்தில் எத்தனையோ பிள்ளைகளின் நெஞ்சில் காதுக்குழாய் வைத்துக் கேட்டவர். ‘முறிந்த பனை’ இதைப் பதிவு செய்திருக்கிறது. அந்த நூலை எழுதியவர்களுள் ஒருவரான மருத்துவ பீட விரிவுரையாளர் ராஜனி திராணகமவும் 1989இல் கொல்லப்பட்டார். ஆஸ்பத்திரி என்றால் உயிர் பிழைக்கும் இடம் என்று பிள்ளைக்குச் சொல்லும் தைரியம் அதன்பின் எத்தனை தாய்மாருக்கு இருந்திருக்கும்?

1990 கார்த்திகையில் செஞ்சிலுவைச் சங்கம் ஆஸ்பத்திரியைச் சுற்றிப் பாதுகாப்பு வலயம் அமைத்தது. மின்சாரம் போய்விட்டது. பொருளாதாரத் தடை வந்தது. மருந்துக்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் காய்ச்சற்காரப் பிள்ளைக்கு மருந்து அளந்து கொடுத்தார்கள். சைக்கிள் பாரில் பிள்ளையை இருத்தி, தலைக்கு மேலே பொம்பர் இரைய, ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது கொட்டும் மழையில் மருந்துப் பொட்டலத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு நடந்த தாய்மார் உண்டு. அந்தக் காலத்துப் பிள்ளைக்குக் குண்டுச் சத்தமும் ஆம்புலன்சும் டெற்றோல் மணமும் ஊசியும் எல்லாம் ஒரே நினைவில் ஒட்டிக்கொண்டன.

ஆனாலும் அதே தசாப்தத்தில் நடந்த ஒன்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆகவேண்டும். போலியோச் சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களுக்காக யூனிசெப் முதலான அமைப்புகள் பேசி, இரு தரப்பும் சண்டையை நிறுத்தின. அந்த நாட்களில் பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் வரிசையாய் நின்ற பிள்ளைகளின் நாக்கில் இரண்டு சொட்டு விழுந்தது. பெரியவர்கள் நடத்திய போர் பிள்ளைகளின் மருந்துக்காக ஓரிரு நாள் நின்றது. அந்த மருந்து யாருக்கும் நோகவில்லை. அன்று வரிசையில் நின்றவர்கள் இப்போது பிள்ளை பெற்று, தம் பிள்ளைகளை அதே கிளினிக்குகளுக்குத் தூக்கி வருகிறார்கள்.

அவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. யுத்தத்தில் வளர்ந்த உடம்பு சட்டென்று விறைக்கப் பழகியது. உளமருத்துவர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில் இருந்தே இந்த வடுக்களை ஆராய்ந்து எழுதியவர். போரின் உளத்தாக்கம் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1998இல் வெளிவந்தது. பயம் தனிமனிதரோடு நிற்பதில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்து அதைச் சுமக்கின்றன என்பது அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்திய கருத்து. ஊசியைக் கண்டதும் தாயின் தோள் இறுகினால் மடியில் இருக்கும் பிள்ளைக்கு அது உடனே தெரிந்துவிடும். ஆகவே பிள்ளையின் பயத்தைத் தீர்க்கப் புறப்படுபவர் தாயையும் ஒரு நிமிடம் இருத்தி, ஒரு மிடறு தண்ணீர் குடிக்கச் சொல்லவேண்டும்.

மேற்குலகம் இந்த விஷயத்தில் நமக்கு முன்னோடி என்று எண்ணிவிடவேண்டாம். இங்கிலாந்தில் 1950கள்வரை ஆஸ்பத்திரியில் மறித்த பிள்ளையைப் பெற்றோர் பார்ப்பதற்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. வந்துபோனால் பிள்ளை அழும், வராவிட்டால் ‘அடங்கிவிடும்’ என்றார்கள். ஜேம்ஸ் றொபேட்சன் என்பவர் 1952இல் இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருப்பதைப் படம்பிடித்துக் காட்டினார். அவள் அடங்கவில்லை, மனம் விட்டுப்போய் மௌனமாகிறாள் என்பதைப் பார்த்தவர்கள் கண்டுகொண்டார்கள். வைத்திய உலகம் முதலில் அவரை எதிர்த்தது. 1959இல் பிளாட் குழு, பெற்றோர் எந்நேரமும் வரலாம், சிறுபிள்ளையோடு தாய் தங்கலாம் என்று பரிந்துரைத்தது. நம் வாட்டுகளில் தாய் பிள்ளையோடு நிற்பது என்றைக்கும் வழக்கம். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்து, தேங்காய்ப் பாலில் கஞ்சி காய்ச்சி வரும் அம்மம்மாவை எதிர்பார்த்துக் கிடந்த தாய்மாரை நாம் இடநெருக்கடி என்று மட்டும் பார்த்தோம். அது நம்மிடம் இருந்த பெரும் மருந்து.

2015இல் உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசி நோவைக் குறைப்பது பற்றி வழிகாட்டல் வெளியிட்டது. பிள்ளையைப் படுக்கையில் மல்லாத்தி அமத்தக்கூடாது. பெற்றவர் மடியில் அணைத்து வைத்திருக்கவேண்டும். பால்குடி மறவாத குழந்தைக்கு ஊசி போடும்போதோ அதற்குச் சற்று முன்னரோ பால் கொடுக்கலாம். ஒரே நாளில் ஒன்றுக்கு மேல் ஊசி இருந்தால் அதிகம் நோவதைக் கடைசியில் போடவேண்டும். வளர்ந்த பிள்ளை நிமிர்ந்து இருக்கட்டும். ‘நோகாது’ என்று பொய் சொல்லாதீர்கள், உள்ளதை அமைதியாகச் சொல்லுங்கள் என்பதும் இன்றைய மருத்துவத்தின் ஆலோசனை. திண்ணையில் மடியில் வைத்து நாடி பார்த்த பரியாரியாரும், குடிநீரைக் குடித்துக் காட்டிய ஆச்சியும் இதில் எதையும் கேட்டு வியந்திருக்கமாட்டார்கள்.

பொய்க்கு மட்டும் உலகெங்கும் பழைய பரம்பரை உண்டு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமக் கவிஞர் லுக்ரீசியஸ், வைத்தியர்கள் கசப்பு மருந்துக் கிண்ணத்தின் விளிம்பில் தேன் தடவிப் பிள்ளையை ஏமாற்றுவதைப் புகழ்ந்து எழுதினார். பிள்ளையின் நன்மைக்கான ஏமாற்று அது என்றார். நான் உடன்படவில்லை. தேன் தடவலாம், ஆனால் கசப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தடவவேண்டும். மருந்தை ரொபி என்றும் கண்டோஸ் என்றும் சொல்லிக் கொடுக்கும் வீட்டில், அலுமாரித் தட்டில் எட்டிய குளிசைப் போத்தலைப் பிள்ளை ரொபியென்றே தின்றுவிடும். அதன் விளைவை எந்த அவசர சிகிச்சைப் பிரிவிலும் கேட்டறியலாம்.

வீட்டில் கொடுக்கும் மருந்துக்கும் ஒழுங்கு உண்டு. பனடோல் பாணியைச் சமையல்கட்டுக் கரண்டியால் அளக்கவேண்டாம். ஒரு கரண்டிபோல் இன்னொன்று இராது. போத்தலோடு வரும் மூடியோ ஊசியில்லாத சிறிஞ்சோ போதும். நிமிர்த்தி இருத்தி, கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும். பால் போத்தல் முழுவதிலும் கலந்தால் பிள்ளை பாதியில் விட்டுவிடும், எவ்வளவு மருந்து போனது என்றும் தெரியாது. பிறகு பாலையே வெறுக்கும். குளிசையை இடிப்பதற்கு முன் வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ கேளுங்கள், எல்லாக் குளிசையும் இடிக்கத் தக்கதல்ல. குடிக்கிறாயா என்று கேட்காதீர்கள். அது வேண்டாம் என்றால் நம்மால் ஏற்க முடியாது. கோப்பையாலா சிறிஞ்சாலா, அப்பா மடியிலா அம்மா மடியிலா என்று கேளுங்கள். தன் உடம்பில் நடப்பதில் ஒரு சிறு பகுதியாவது தன் கையில் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியட்டும். ஆம்பிளைப் பிள்ளை அழக்கூடாது என்ற சொல்லையும் தயவுசெய்து விட்டுவிடுவோம். அழுகை மருந்துக்கு எதிரியில்லை. அசையாமல் இருக்கத்தான் பிள்ளையின் உதவி வேண்டும்; அழுதுகொண்டே அசையாமல் இருக்கப் பிள்ளைகளால் முடியும்.

இத்தனையும் அவசரமாவது மாரிகாலத்தில். மார்கழி, தை மாதங்களில் குடாநாட்டில் டெங்கு ஏறும். காய்ச்சற்காரப் பிள்ளைக்குக் குருதிச் சிறுதட்டு எண்ணிக்கை பார்க்க நாள்தோறும் இரத்தம் எடுக்கவேண்டும். சில பிள்ளைகளுக்கு ஒரே நாளில் பலமுறை. தடுப்பூசி ஒரு குத்தோடு முடிந்துவிடும். டெங்கு வாட்டில் இருக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கோ முடிவே தெரியாது. “இதுதான் கடைசி” என்று ஒவ்வொரு முறையும் சொல்லுகிறோம், அடுத்த நாள் மீண்டும் தட்டோடு வருகிறார்கள். நாளைக்கும் எடுப்பார்கள் என்று சொன்னால் அது அழும்தான். ஆனால் எடுக்காத நேரங்களில் நிம்மதியாக உறங்கும். பொய் சொல்லப்பட்ட பிள்ளை வாட் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் விழித்துக்கொள்கிறது.

தாதிமார் மீது எனக்குக் குறையில்லை. ஒரு மிஸ்ஸி எத்தனை கட்டில்களைப் பார்க்கிறா என்பதை வாட்டில் பிள்ளையோடு நின்ற எவரும் அறிவார். அவர்களிடம் இன்னும் ஐந்து நிமிடம் கேட்பது எளிதல்ல. ஆகவே அந்த ஐந்து நிமிடத்தை வேறு வழியால் உண்டாக்கவேண்டும். அதற்கு ஒரு வேலையை முன்வைக்கிறேன். யாழ்ப்பாண மருத்துவ பீடமும், நுண்கலை மாணவர்களும், சிறுவர் அரங்கில் பழகிய ஆசிரியர்களும் சேர்ந்து, படங்களோடு சிறிய தமிழ்ப் புத்தகம் ஒன்றைச் செய்யட்டும். குழந்தை ம. சண்முகலிங்கம் போன்றோர் பிள்ளைகளுக்கென்று நாடகம் எழுதி, பிள்ளைகளை ஆடவிட்டுப் பழக்கிய ஊர் இது. பிள்ளையின் மொழியில் பேசத் தெரிந்தவர்கள் நம்மிடம் நிறையப் பேர் உண்டு. கிறீன் பெரியவர்களுக்காக ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தமிழாக்கினார். பிள்ளைகளுக்கு இருபது பக்கம் போதும்.

அதில் ஒரு பக்கம் ஊசிக்கு: எங்கே குத்தும், எவ்வளவு நேரம் நோகும். ஒரு பக்கம் கனூலாவுக்கு: உள்ளே இருப்பது மெல்லிய குழாய், ஊசியை வெளியே எடுத்துவிடுவார்கள், கையை மடக்கினால் என்ன ஆகும். ஒரு பக்கம் இரத்தப் பரிசோதனைக்கு: எடுத்த இரத்தத்தை உடம்பு திரும்பச் செய்துகொள்ளும் என்பதைச் சொல்ல. பிள்ளைகள் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். இரத்தம் முடிந்துபோகும் என்ற பயம் எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதை நாம் கவனிப்பதில்லை. ஒரு பக்கம் எக்ஸ்ரே அறைக்கு; அங்கே மட்டும் அம்மா ஏன் கதவுக்கு வெளியே போகிறா என்பதற்கும் காரணம் எழுதப்படவேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் பிள்ளை வாட்டில் கேட்கக்கூடிய கேள்விக்கு இடம்விட்டு, பென்சிலால் வரையவும் இடம் இருக்கட்டும். குடும்பநல மாது கிளினிக்கில் கொடுக்கலாம், முன்பள்ளி ஆசிரியை வாசித்துக் காட்டலாம். முதல் அச்சை மாரிக்கு முன்னர் முடித்து, பிள்ளைகள் வாட்டுகளில் கட்டிலுக்கு ஒன்றாக வைத்துவிட்டால், இந்த டெங்குக் காலத்திலேயே அது பயன்படத் தொடங்கும்.